ஒரு சாண் தள்ளி

அடுத்தவர் பேச்சை அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லியே அங்கமுத்துவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் சொந்தப் பேச்சென்று அவர் வாயிலிருந்து வந்தது, லொறி டிரைவர் சண்முகராஜாவை வைத வசவு மட்டும்தான்.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழையில் ஊசிமலைத் தோட்டத்துக்குப் போகிற ரோடு மூன்று இடத்தில் மண்ணோடு மண்ணாக இறங்கிவிட்டது. பாலம் போனது. டெலிபோன் கம்பங்கள் கவிழ்ந்து கிடந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை நாள் நடந்தால் திடமான ஆள் போய்ச் சேரலாம். பட்டாளத்துப் பையன்கள் அப்படித்தான் ஒரு ரேடியோவைத் தோளில் சுமந்து கொண்டுபோய் அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற காம்பராவில் வைத்தார்கள். இன்னொன்றைப் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேசைமேல் வைத்தார்கள். வைத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் மலை. ரேடியோ மலையைத் துளைத்துக்கொண்டு போகாதாம். படித்தவர்களுக்கு எல்லாம் வைத்த பிறகுதான் தெரியும்.

அதனால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில், ஒரு ஜீப்பையும் ஒரு லொறியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். ஜீப்பில் இருந்த ரேடியோ பதுளையோடு பேசும். லொறியில் இருந்த ரேடியோ ஊசிமலையோடு பேசும். ஜீப் ரேடியோவின் ஸ்பீக்கர் கம்பியைக் கொண்டுபோய் லொறி ரேடியோவில் மவுத்பீஸ் மாட்டுகிற ஓட்டையில் செருகினால் டாக்டர் பேசுவது தன்னால் தோட்டத்துக்குப் போகும், அதேபோல மறுபக்கம் இன்னொரு கம்பி, நடுவில் ஆள் பேசத் தேவையில்லை என்றார்கள். செருகினார்கள். தகரத்தைப் பாறையில் இழுக்கிற சத்தம்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் வேறு எங்கோ வெள்ளம் என்று பையன்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகிற அவசரத்தில் அவர்களில் ஒருவன் அரைத் தமிழில், "தாத்தா, இந்தப் பக்கம் கேளு, அந்தப் பக்கம் சொல்லு. கத்த வேண்டாம். மவுத்பீஸ் ஒரு சாண் தள்ளி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அங்கமுத்துவை எதற்கு அங்கே உட்கார வைத்தார்கள் என்றால், யுத்த காலத்தில் அவர் தியத்தலாவைப் பட்டாள முகாமில் நான்கு வருஷம் டெலிபோன் கம்பி இழுத்தவர். அதற்குப் பிறகு வேறொரு தோட்டத்து ஃபேக்டரியில் இஞ்சின் பார்த்தவர். பெயரை எழுதத் தெரியும், அதற்குமேல் தெரியாது. யாரையும் நம்பமாட்டார். துரை சொன்னால் அதில் என்ன உள்குத்து என்று பார்ப்பார். கிளாக்கர் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பெண்சாதி செத்த பிறகு தனியாகத்தான் பொங்கித் தின்றார். மேட்டில் தனியாக உட்காருவது அவருக்குப் பெரிய காரியமில்லை.

பெரிய காரியம் வேறு. முதல் நாள் காலையில் லொறி ரேடியோ பேசியது.

"மேடு, மேடு, தோட்டம் பேசுறேன். கேக்குதுங்களா?"

முதல் வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது புஷ்பம். அவருடைய ஒரே மகள்.

"கேக்குது தோட்டம். சொல்லு" என்றார் அவர்.

அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு, "ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குக் கால் முறிவு" என்று தொடர்ந்தது. அன்றிலிருந்து அவள் அவரை மேடு என்றாள். அவர் அவளைத் தோட்டம் என்றார். இரண்டு பேரும் அதை விட்டு அந்தண்டை இந்தண்டை போகவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் மருத்துவச்சிப் படிப்புக்குப் பதுளைக்குப் போகிறேன் என்றாள். ஊரார் பெண்டுகளின் பிரசவத்தைப் பார்ப்பது ஒரு வேலையா என்று அவர் கேட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நேரம், களத்தில் இருநூறு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, மூன்று மலைக்குக் கேட்கிற தொண்டையில், "எனக்கு மகளே கெடையாது, கேட்டுக்கங்கடா எல்லாரும்" என்று கத்தினார். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தொண்டை பழக்கம்தான். கங்காணி இந்த மலையில் நின்று அந்த மலையில் கொழுந்து எடுப்பவளைக் கூப்பிடுகிற இடம் அது. ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் குனிந்து நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள். ஊசிமலையில் வேலை கிடைத்தது, அங்கேயே இருக்கிறாள் என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அவர் ஐந்து மணிக்கே எழுந்து முகம் கழுவி உட்கார்ந்திருப்பார்.

"ரேடியோவுக்கு மொகம் தெரியாது பெருசு. எதுக்கு இந்தக் குளிருல தலைய வாரிக்கிட்டு?" என்று சண்முகராஜா கேட்டான். நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். லொறிக்கு டிரைவர் என்றாலும் லொறி ஓடாததால் அவனுக்குத் தேத்தண்ணி வைக்கிற வேலைதான்.

"ஒன் வேலையப் பாருடா."

"என் வேலையே இதுதான்."

பத்தாம் நாள் காலையில்தான் விவகாரம் வந்தது. ஜெயலெட்சுமி என்று ஒரு பெண், தலைப்பிரசவம், ராத்திரி முழுக்க வலி என்று தோட்டம் சொன்னது. அங்கமுத்து அதை ஜீப்புக்குப் போய்ப் பதுளைக்குச் சொன்னார்.

டாக்டர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே அங்கமுத்து அவரை நம்பவில்லை.

"மேடு, நான் கேக்கிறதை வடிவாக் கேட்டுச் சொல்லும்" என்றார் டாக்டர். "பிள்ளையின்ரை தலை எங்கை கிடக்குது? கீழையோ, மேலையோ, குறுக்கையோ? தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதோ? கருப்பை வாய் எத்தினை விரல் திறந்திருக்குது? மூண்டையும் கேளும். ஓவர்."

அங்கமுத்து லொறிப் பக்கம் வந்து மவுத்பீஸைக் கையில் எடுத்தார். வாய் வரவில்லை. அறுபத்துமூன்று வயதில், ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் பெற்ற மகளிடம், இதையெல்லாம் எப்படிக் கேட்பது? சண்முகராஜா வேறு பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தோட்டம், டாக்டரய்யா கேக்குறாரு... அந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு. ஓவர்."

"வலி இருக்கு, ஆளு தெம்பாத்தான் இருக்கா. ஓவர்."

இவர் ஜீப்புக்கு வந்து, "எல்லாம் ஒழுங்கா இருக்குங்களாம்" என்றார். டாக்டர் சரி என்று வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு லொறி ரேடியோ மறுபடி அலறியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தலை இடது பக்கத்தில் முட்டுகிறது, என்ன செய்ய என்று அவள் கேட்டாள். அதை இவர் பதுளைக்குச் சொன்னதும் டாக்டர் கேட்டார்:

"விடிய ஆறு மணிக்கு நான் இதைத்தானே கேட்டனான்?"

"ஆமாங்க."

"நீர் அவவிட்டைக் கேட்டனீரோ?"

அங்கமுத்து ஜீப் மவுத்பீஸைக் கீழே வைத்தார். லொறிக்குப் போய், விடிய ஆறு மணிக்கு டாக்டர் இதைக் கேட்டதைச் சொன்னார். அங்கே மகளும் அதையே கேட்டாள். "டாக்டர் காலையிலேயே கேட்டாரா? கேட்டிருந்தா நான் அப்பவே குறுக்கன்னு சொல்லியிருப்பேன். மேடு, நீங்க பாதிய முழுங்கிட்டுப் பாதியச் சொல்றீங்க. அது எனக்கு வேணாம். ஓவர்."

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் மவுத்பீஸை வீசியெறிந்துவிட்டு மலை இறங்கியிருப்பார். மூன்று மணி நேரம் வீணாய்ப் போனது அவரால்தான். அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தெரிந்திருந்தது.

டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். வயிற்றுக்கு மேலே கையை வைத்துப் பிள்ளையைத் திருப்ப வேண்டும். தண்ணிக்குடம் உடைந்துவிட்டால் பிறகு திருப்புவது கஷ்டம், தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். புஷ்பம் இதைச் செய்ததில்லை. அவள் கை வயிற்றில் இருக்கும்போது, டாக்டர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று கேட்க, உடனே டாக்டர் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு ஆள் நின்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. "அந்தக் கம்பித் தொடுப்பைச் சரிப்படுத்த ஏலுமெண்டால் இப்ப செய்யும். ஏலாதெண்டால் சொல்லும், நான் வேறை வழி பாக்கிறன்" என்றார்.

வேறு வழி எது? டாக்டரிடமும் இருக்கவில்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் அங்கமுத்து.

முதலில் பையன்கள் செய்த மாதிரியே செய்தார். லொறி ரேடியோவிலிருந்து மவுத்பீஸைக் கழற்றி, ஜீப் ஸ்பீக்கர் கம்பியை அங்கே மாட்டினார். மவுத்பீஸில் பேசும்போது அழுத்துகிற கட்டை இனி கிடையாது, அதனால் பெட்டியில் கிடந்த ஒரு பெல் ஸ்விட்சை அதற்குப் பதிலாகக் கட்டினார். டாக்டர் பேசும்போது அதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், விட்டால்தான் தோட்டம் பேசுவது கேட்கும். டாக்டரை ஒன்று இரண்டு சொல்லச் சொன்னார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று ஜீப்பில் தெளிவாகக் கேட்டது.

ஸ்விட்சை விட்டதும் தோட்டம் சொன்னது: "தகரம் உருளுது. ஒண்ணும் வெளங்கல."

"ஜீப் இஞ்சின் சத்தமா இருக்கும் பெருசு. அணைச்சுப் பாப்பமா?" என்றான் சண்முகராஜா. பாட்டரி இறங்காமலிருக்க இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தார்கள். அடியில் உறுமிக்கொண்டிருந்த சத்தம் போனது, கிழிசல் போகவில்லை. கம்பி முனைகளைக் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கி முறுக்கினார். கிழிசல் போகவில்லை. ஜீப் ரேடியோவில் சத்தம் குறைக்கிற குமிழைத் திருப்பினார். நூலளவு திருப்பினால் கிழிந்தது. இன்னும் நூலளவு திருப்பினால் செத்த அமைதி. நடுவில் நிற்க இடமில்லை.

"இதத்தான் பட்டாளத்தானே தொட்டுப் பாத்துட்டு ஓடிட்டான்" என்றான் சண்முகராஜா. "நீங்களும் நானும் எம்மாத்திரம்?"

"நீ எம்மாத்திரம்னு சொல்லு. என்னையச் சேக்காத."

கம்பியைப் பிடுங்கிவிட்டு மவுத்பீஸையே மறுபடி மாட்டி, அதைக் கொண்டுபோய் ஜீப் ஸ்பீக்கரின் வாயிலேயே ஒட்டிப் பிடித்தார். டாக்டர் எண்ணினார். அதுவும் கிழிந்தது. அந்த நேரம் பார்த்து சண்முகராஜா குவளைக்குப் பதிலாக வைத்திருந்த பால்டின்னில் தேத்தண்ணியை நீட்டினான். பால்டின் சூடு கையில் பட்டு அங்கமுத்து பின்னால் துள்ளினார். மவுத்பீஸும் கையோடு ஒரு சாண் பின்னால் வந்தது.

லொறியிலிருந்து புஷ்பம் பரபரத்தாள். "இப்பக் கேட்டுது! ஏழு, எட்டு கேட்டுது! அப்பறம் யாரோ தேத்தண்ணியத் திட்டுறாங்க. காத்து வேற அடிக்குது."

அங்கமுத்து கையிலிருந்த மவுத்பீஸையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்பியில் குறை இல்லை. ரேடியோவில் குறை இல்லை. குரல் போதாமல் கிழியவில்லை, கூடிப்போய்க் கிழிந்தது. ஸ்பீக்கர் கம்பியில் வருவது அதன் உள்ளே இருக்கிற தாள்கூம்பையே அதிர வைக்கிற பலம். மவுத்பீஸ் ஓட்டை எதிர்பார்ப்பது மனிதன் வாயிலிருந்து வருகிற மூச்சளவு. ஃபேக்டரி இஞ்சினின் பெல்ட்டைக் கொண்டுபோய்த் தையல் மெஷினில் நேராக மாட்டினால் மெஷின் தைக்குமா? பிய்ந்து பறக்கும். நடுவில் பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் வைத்து வேகத்தைக் கொல்ல வேண்டும். இஞ்சினில் அதைத்தான் பன்னிரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். ரேடியோவில் அது தோன்றாமல் போனது, ரேடியோ என்றாலே தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்ததால்.

தியத்தலாவையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின் ஒன்று அவர் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய சில்லறைச் சாமான். கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர்கள், நிறக்கோடு போட்டவை. எந்தக் கோட்டுக்கு என்ன எண் என்று அவருக்குத் தெரியாது. எது கனமாய்க் குறைக்கும், எது லேசாய்க் குறைக்கும் என்று கை ஞாபகத்தில் ஒரு குத்துமதிப்பு. பெரியது ஒன்றைக் கம்பி போகிற வழியில் வைத்தார். சின்னது ஒன்றை மவுத்பீஸ் ஓட்டைக்குக் குறுக்கே போட்டார், மிச்சமாக வருகிறது அதன் வழியாக வழிந்து போகட்டும் என்று. மவுத்பீஸுக்கென்று ரேடியோ தருகிற கரண்ட் எதிர்த்துக்கொண்டு வராமலிருக்க ஒரு கண்டென்சரையும் நடுவில் கட்டினார். ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஈயம் வைத்து ஒட்டினார்.  

முதல் ஜோடிக்குச் சத்தமே போகவில்லை. இரண்டாவதற்குக் கிழிந்தது, ஆனால் கொஞ்சம். மூன்றாவதில், மஞ்சளும் ஊதாவும் கோடு போட்ட ஒன்றை மாற்றினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றார் டாக்டர்.

"மேடு," என்றாள் புஷ்பம், "டாக்டரய்யா என் பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

சண்முகராஜா கையைத் தட்டினான். அங்கமுத்து தட்டவில்லை. பாதிதான் முடிந்தது.

மறுபக்கம், தோட்டத்திலிருந்து பதுளைக்கு. அதே அளவில் இன்னொரு ஜோடி செய்து, லொறி ஸ்பீக்கருக்கும் ஜீப் ரேடியோவுக்கும் நடுவில் போட்டு, இன்னொரு பெல் ஸ்விட்சையும் கட்டினார். லொறி மவுத்பீஸ் ஒருதரம் பேசிப் பார்க்கத் தேவைப்படும் என்று, முதலில் கட்டின கம்பியை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மவுத்பீஸை அங்கே மாட்டியிருந்தார். புஷ்பத்தை எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள்.

பதுளை சொன்னது: "கிழியுது. ஒண்டும் விளங்கேல்லை."

அங்கமுத்து ஒட்டின இடத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி எண்ணச் சொன்னார். இந்தத் தரம் கம்பியைக் கவனிக்காமல் லொறி ஸ்பீக்கரில் காதை வைத்தார். கிழிசல் அங்கேயே இருந்தது. கம்பிக்கு வருவதற்கு முன்னாலேயே, அவளுடைய மவுத்பீஸிலேயே குரல் கிழிந்துதான் புறப்படுகிறது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் மேட்டோடு பேசினாள், அது பக்கம். இப்போது மலைக்கு அந்தப்புறம் பதுளையோடு நேராகப் பேசப்போகிறாள், அது தூரம். தூரம் என்றால் கத்த வேண்டும். மலைத் தோட்டத்தில் பிறந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். "கேக்கலையாம்" என்று இவர் சொல்லச் சொல்ல அவள் இன்னும் கத்தினாள். அது இன்னும் கிழிந்தது.

அந்தத் தொண்டை யாருடையது என்று அங்கமுத்துவுக்குத் தெரியாதா?

லொறி மவுத்பீஸைக் கையில் எடுத்தார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"தோட்டம், கத்தாத. மவுத்பீஸ ஒரு சாண் தள்ளிப் பிடி. பக்கத்துல இருக்கவங்ககிட்டப் பேசுற மாதிரி மெதுவாப் பேசு. கத்தினா பேச்சு கிழிஞ்சு போயிரும். அந்தப் பக்கம் போயி ஒண்ணும் சேராது. ஓவர்."

இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஜெயலெட்சுமி முனகுவது கேட்டது. பிறகு புஷ்பம் பேசினாள், மெதுவாக, தெளிவாக.

"அத நீங்க சொல்றீங்களா?"

ஓவர் என்று அவள் சொல்லவில்லை. பதிலை எதிர்பார்த்தாளா, இல்லையா, தெரியாது. சண்முகராஜா ஜீப் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு தரமாவது வாயை மூடிக்கொண்டு.

அங்கமுத்து கட்டையை அழுத்தினார். சொல்ல வேண்டியது ஏழு வருஷத்துச் சரக்கு இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை குறுக்கே கிடந்தது.

"ஆமா, நான்தான் சொல்றேன்" என்றார். "இப்ப இந்த மவுத்பீஸக் கழட்டிருவேன். அதுக்கு அப்பறம் என்னால பேச முடியாது. நீ பேசுறதும் டாக்டர் பேசுறதும் நேராப் போகும். நான் ஸ்விட்ச மட்டும் அழுத்திக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு தரமும் ஓவர் சொல்லு, அப்பதான் நான் மாத்தி அழுத்த முடியும். ஓவர்."

"சரி" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "ஓவர்."

அவர் மவுத்பீஸைக் கழற்றிக் கம்பியை மாட்டினார். ஜீப் மவுத்பீஸ் முன்னமே கழன்று சீட்டில் கிடந்தது. இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பெல் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். இடது கட்டைவிரல் ஒன்றில், வலது கட்டைவிரல் மற்றதில்.

"டாக்டரய்யா, தோட்டம் பேசுறேன். கேக்குதுங்களா? ஓவர்."

"வடிவாக் கேக்குது பிள்ளை. தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதோ? ஓவர்."

"இல்லைங்க. ஓவர்."

"நல்லது. கருப்பை வாய் எத்தினை விரல்? ஓவர்."

அவர் கேட்க முடியாமல் முழுங்கின அத்தனையும் இப்போது அவர் விரலுக்கு அடியில் போய் வந்தது. வெட்கப்பட அங்கே யாருமில்லை. பேசுகிற இரண்டு பேருக்கும் அவர் இருப்பதே நினைவில்லை. டாக்டர், வலி விட்ட நேரம் பார்த்து ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பிருஷ்டத்திலும் வைக்கச் சொன்னார். தள்ளு என்றார். பலவந்தம் பண்ணாதே என்றார். தாயை மூச்சு விடச் சொல் என்றார். யாரோ ஒருத்தி மவுத்பீஸை புஷ்பத்தின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கக்கா" என்று நடுவில் ஒருதரம் கேட்டது.

"அசையுதுங்க. ஓவர்."

"விடாதையும். மெதுவா. ஓவர்."

"தலை எறங்குது. டாக்டரய்யா, தலை எறங்குதுங்க. ஓவர்."

"அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரும் பிள்ளை. அப்பிடியே."

டாக்டர் ஓவர் சொல்ல மறந்துவிட்டார். அங்கமுத்து அவர் குரலின் முடிவைக் கேட்டே விரலை மாற்றினார்.

மத்தியானம் மலையில் பனிப்புகை இறங்கி லொறியின் மூக்கு கண்ணுக்குத் தெரியாமல் போனது. சண்முகராஜா சோற்றைக் கொண்டுவந்து வைத்தான். அது அப்படியே ஆறியது. இரண்டு கையும் ஸ்விட்சில் இருந்தால் எந்தக் கையால் தின்பது? "ஊட்டி விடவா?" என்று கேட்டுப் பார்த்தான். அவர் முறைத்தார்.

இரண்டு மணி தாண்டி லொறி ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வெடித்தது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி, ஒழுங்கு முறை ஒன்றுமில்லாமல், கிழிந்து கிழிந்து வந்தது. ஸ்பீக்கர் தாள் அதிர்ந்தது. சத்தத்தைக் குறைக்கிற குமிழ் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அங்கமுத்து அதைத் தொடவில்லை. அப்படியே பதுளைக்குப் போகட்டும் என்று விரலை அழுத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, ஆம்பளப் பிள்ளை" என்றாள் புஷ்பம். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஓவர்."

சண்முகராஜா லொறி ஹோர்னை அடித்தான். யாருக்குக் கேட்கும் என்று தெரியவில்லை, ஆனால் அடித்தான்.

டாக்டர் அவளை மெச்சினார். இரத்தம் கட்டுப்பட்டிருக்கிறதா என்று இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் தொடுப்பை யாரும் அவிழ்க்கக்கூடாது என்றார். "இனி எல்லா நாளும் இப்பிடியே இருக்கட்டும். ஆள் சொல்லுறதை விட இது எவ்வளவோ மேல். ஓவர்."

சரிதான். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அங்கமுத்து அந்தப் பேச்சையும் விரலால் அழுத்தித் தோட்டத்துக்கு அனுப்பினார்.

 பிறகு புஷ்பம் கூப்பிட்டாள், பழைய பழக்கத்தில்.

"மேடு. மேடு, கேக்குதா?"

அங்கமுத்துவின் கை மடியில் கிடந்த மவுத்பீஸுக்குப் போனது. அதன் கம்பி முனை ஒன்றிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டலாம். மாட்டினால் டாக்டர் போய்விடுவார். அந்தப் பக்கத்தில் இரத்தம் இன்னும் கட்டுப்படவில்லை.

"ஓ, பேச முடியாதில்ல" என்றாள் அவள். "சொன்னீங்க."

இரைச்சல்.

"பரவால்ல. கேட்டுக்கிட்டாவது இருங்க." அவள் குரல் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது, கத்தவில்லை, ஒரு எழுத்தும் கிழியவில்லை. "இங்க மழை திரும்ப வருது. அங்கயும் வரும். தலையில துணியப் போட்டுக்கங்கப்பா. ஓவர்."

ஓவர் என்றால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

அங்கமுத்து மவுத்பீஸை வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கட்டையையும் அழுத்தினார். "சரிம்மா" என்றார், மெதுவாக. அது அவர் மடிக்கு மேல் போகவில்லை.

வலது கட்டைவிரல் இன்னும் ஜீப் ஸ்விட்சில் அழுந்தியபடியே இருந்தது. அவள் பேசி முடித்து வெகு நேரமாகிவிட்டது. லொறி ஸ்பீக்கரில் ஊசிமலையின் தகரக்கூரைமேல் விழுகிற மழையும், பிள்ளையின் சிணுங்கலும், யாரோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தமும் வந்தன. அவளும் அந்தப் பக்கத்தில் கட்டையை விடவில்லை. அதெல்லாம் கம்பி வழியாக ஏறி, ஒன்றும் புரியாத டாக்டரின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பெருசு," என்றான் சண்முகராஜா, "கைய எடுங்க. டாக்டர் பேசணும்ல."

அவர் எடுத்தார். ஜீப்பில் டாக்டரின் குரல் வந்ததும் மற்ற விரலை அழுத்தினார். சண்முகராஜா ஒரு சாக்கை மடித்து அவர் தலையில் போட்டான். இந்த ஒருதரம் அவனை அவர் வையவில்லை.